வெளிக்கு என்ற சொல்லும் புஷ்பவல்லியும்

மலாயாவில் கிள்ளானை அடுத்த மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அந்தக் காரியத்துக்குப் பெயர் கிடையாது, திசைதான் உண்டு. 'வெளிக்கு' என்பார்கள். வெளிக்குப் போனாள், வெளிக்கு வருது, ரெண்டு நாளாய் வெளிக்குச் சரியாகப் போகவில்லை. போகிற இடத்தைச் சொன்னால் போதும், போய்ச் செய்கிற காரியத்தைச் சொல்ல வேண்டாம் என்று எந்தக் காலத்திலோ ஒரு மானமுள்ள மனுஷி முடிவு செய்திருக்க வேண்டும். ஆம்பிளைக்கு அந்த யோசனை வந்திருக்காது. ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள் 'ஆத்துக்கு' என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் சொந்த மண் இருந்தவர்கள் 'கொல்லைக்கு' என்றார்கள். இரண்டும் இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே கிடந்த பொட்டல்தான் வாய்த்தது, அதனால் 'வெளிக்கு'. இதற்கென்று ஒரு பச்சைச் சொல்லும் இருக்கத்தான் இருந்தது. பிள்ளைக்குக் கழுவிவிடும்போதும் குழாயடிச் சண்டையிலும் அது வரும். வயசு வந்த ஒருத்தி தன்னுடையதைச் சொல்ல அந்தச் சொல்லை எடுத்தாள் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

சொல் கப்பலேறித்தான் மலாயாவுக்கு வந்தது. கப்பலில் வெளி ஏது? சுற்றிலும் தண்ணீர். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியதும் நோய் பார்க்க அடைத்து வைக்கும் முகாமில் தகரக் கதவு போட்ட கக்கூசுகள் வரிசையாக இருந்தன. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதும் "வெளிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தச் சங்கடம் இல்லை. கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிற புதர்க்காடு. சொல்லுக்கு அதன் இடம் திரும்பவும் கிடைத்துவிட்டது.

விடிவதற்கு முன்னால், பெரட்டு மணி அடித்து ஆள் கணக்கெடுப்பதற்கு முன்னால், லயத்துப் பெண்கள் கூட்டமாக அங்கே போவார்கள். போகிறவர்களுக்குக் காவல் உண்டு. காவல் நிற்கிறவள் புதரோரத்து ஈர மண்ணில் பாதையைப் பார்த்து நிற்பாள். ஆண் நடமாட்டம் தெரிந்தால் செருமுவாள், உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வளவு பேரும் எழுந்துகொள்வார்கள். வீட்டில் இளையவள்தான் மூத்தவளுக்குக் காவல். மருமகள் மாமியாருக்கு நிற்பாள், தம்பி பெண்டாட்டி நாத்தனாருக்கு நிற்பாள். மூத்தவள் எழுந்து வரும்வரை நகரக்கூடாது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. போட்டிருந்தால் இத்தனை ஒழுங்காக நடந்திருக்காது.

புஷ்பவல்லி அந்த லயத்தில் மானத்துக்குப் பேர் போனவள். புருஷன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், பால்மரம் வெட்டித் தன் தம்பி சபாபதியை ஆளாக்கியவள். தன் உள்பாவாடையை வெளிக்கொடியில் காயப்போட மாட்டாள், வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்த கயிற்றில் போட்டு அது காயாமல் நாறும். கையில் தண்ணீர்ச் சொம்போடு போகும்போது எதிரில் ஓர் ஆண் வந்துவிட்டால் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவாள், வயிறு எவ்வளவு முடுக்கினாலும் சரி. போதாததற்குச் செருப்பு வேறு. ஒரு தடவை வெட்டுக்கத்தி பாதத்தில் விழுந்து புண் புரையோடிப் போனதிலிருந்து, பழைய லோரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு இல்லாமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாம் வெறுங்கால். "துரைச்சாணி வர்றா, வழி விடுங்கடி" என்பார்கள். அவளும் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டு முறைப்பாள்.

சபாபதி ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்தான். தனலெட்சுமி என்று பெயர். வந்த புதிதில் நல்ல வேலைக்காரி. விடியலில் நாத்தனாருக்குக் காவல் நிற்பதில் அவளைப் போல் யாரும் இல்லை என்று புஷ்பவல்லியே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். நாத்தனாருக்கோ மலச்சிக்கல், சுருக்கில் எழுந்து வரமாட்டாள். மழையோ குளிரோ, தனம் அந்தச் சேற்றில் கால் விரல்கள் புதைய நின்றாள். விரலிடுக்கில் அரிப்பு வந்து கொப்புளம் போட்டது. சேற்றுப்புண் என்று மஞ்சளை அரைத்து வைத்தார்கள்.

இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் உருத்தெரியாமல் போனாள். முகம் வெளுத்து ஊதிவிட்டது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. பால் வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. யாரும் பார்க்காதபோது அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். சோம்பேறி என்றார் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் தம்புசாமி. நெஞ்சழுத்தம் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். சபாபதி அடிக்கடி வீட்டைவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். தோட்டங்களில் கொக்கிப் புழு பரவிவிட்டது, ஆள் ஆளாகச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்தப் பொறுப்பு டிரசர் கிரிகரியின் தலையில் விழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் அவர்தான். பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்து, மடிப்புக் கலையாத காற்சட்டை போடுகிற மனிதர். ஒருநாள் சாயங்காலம் ஆட்களைக் கூட்டி நிறுத்தி, "நாளைக் காலையில எல்லாரும் அவங்கவங்க மலத்தக் கொண்டாரணும்" என்றார். லயத்தில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தகச் சொல் புரியவில்லை. மலாயில் 'மாலாம்' என்றால் இரவு, ராத்திரியை எப்படிக் கொண்டு வருவது என்று ஒரு கிழவன் கேட்டான். டிரசர் காது சிவந்து, குரலைத் தாழ்த்தி, "வெளிக்குப் போறதுய்யா, அது" என்றார். பெண்கள் பக்கம் அத்தனை தலையும் குனிந்துவிட்டது. ஆளுக்கொரு தகர டப்பி கொடுத்தார்கள். மேலே பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது.

மறுநாள் விடியலில் தனத்தால் நிற்க முடியவில்லை. டப்பியை வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணி, ஆம்பளைங்க நடுவுல இதை எடுத்துக்கிட்டு நடக்க எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க கொண்டுபோய்க் குடுத்துருங்க."

"எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டேதான் புஷ்பவல்லி வாங்கினாள். இருந்தாலும் தன்னை நம்பிக் கொடுக்கிறாளே என்று மனசு குளிர்ந்தது. தன் டப்பியும் தனத்தின் டப்பியும் ஒரு கூடைக்குள், மேலே ஒரு துணி. முந்தானையால் கூடையையும் சேர்த்து மூடிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற செம்மண் பாதையில் மண்டோர் தம்புசாமியும் இன்னும் சில ஆண்களும் தங்கள் டப்பிகளைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்கள். தம்புசாமிக்கு யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் கஞ்சி இறங்காது.

"என்னக்கா, கூடை நிறையக் கொண்டு போறீங்க? சம்பந்தி வீட்டுக்குப் பலகாரமா?"

சிரிப்பு கிளம்பியது. புஷ்பவல்லி நடையை எட்டிப் போட்டாள். செருப்பு கல்லில் இடறிக் கூடை சாய்ந்தது. ஒரு டப்பி உருண்டு மூடி திறந்துகொண்டது, தனத்துடையது. துரைச்சாணியின் கூடையிலிருந்து அது உருண்டதைப் பார்த்து ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் டப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாலம் தாண்டி யாரும் பார்க்காத இடம் வந்ததும், மிச்சம் இருந்ததைச் சாக்கடையில் கொட்டி, டப்பியைக் கழுவினாள். கழுவும்போது உடம்பெல்லாம் கூசியது. கழுவிய பிறகுதான் வெறும் டப்பியைக் கொடுக்க முடியாதே என்று உறைத்தது. திரும்ப லயத்துக்குப் போனால் மறுபடி அந்த ஆண்களைத் தாண்டிப் போக வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம்.

ஒரு குச்சியை ஒடித்தாள். தன் டப்பியில் இருந்ததைப் பாதியாகப் பிரித்துத் தனத்தின் டப்பியில் போட்டாள். ஒரே உலை, ஒரே சோறு, இதில் உன்னது என்னது என்று என்ன பேதம் வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டு வேலைகளில் அவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள். டிரசரின் மேசையில் இரண்டு டப்பியையும் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

முடிவு வந்தது. பெரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லயத்தில் கிட்டத்தட்ட எல்லோர் வயிற்றிலும் புழு இருந்தது. பேதி உப்பும் நாற்றமடிக்கிற எண்ணெய் மருந்தும் கொடுத்தார்கள், பத்து நாள் தோட்டம் முழுக்க ஒரே ஓட்டமாக இருந்தது. புஷ்பவல்லிக்குப் புழு இல்லை. தனலெட்சுமிக்கும் இல்லை.

"பாத்தீங்களா, ஒரு நோயும் இல்ல" என்றார் தம்புசாமி. "உடம்பு வணங்கல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சோம்பேறி என்ற பேச்சுக்கு டாக்டர் சீட்டு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சபாபதிகூட நம்பிவிட்டான். "அக்கா, அவளை அவ அம்மா வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடறேன். நோய் இருந்தா வெச்சுப் பாக்கலாம், நடிப்பை எத்தனை நாளு வெச்சுப் பாக்கிறது?" என்றான். புஷ்பவல்லி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடிப்பு இல்லையடா என்று சொல்ல வாய் வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? குச்சியைச் சொல்ல வேண்டும், சாக்கடையைச் சொல்ல வேண்டும், தன் உடன்பிறந்த தம்பியிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். முருங்கைக்கீரையாகச் சமைத்துப் போட்டாள், ஆட்டு ஈரல் வாங்கி வதக்கிப் போட்டாள். தனம் இரண்டு வாய் தின்றுவிட்டு, "எனக்கு ஏன் அண்ணி இவ்வளவு செய்றீங்க?" என்று கண் கலங்கினாள். அந்தக் கேள்வி இவளைச் செருப்பால் அடித்தது.

கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"டிரசர் ஐயா, எனக்கு அந்தப் பூச்சி மருந்து கொஞ்சம் குடுங்க. வயிறு சரியில்ல."

கிரிகரி நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத்தான் புழு இல்லையேம்மா. அது கடுமையான மருந்து, சும்மா குடிச்சா ஆளையே சாய்ச்சுப்புடும். தரமாட்டேன்." பிறகு அவள் காலைப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷர்தான், விளக்கமாகவே சொன்னார். "உனக்கு ஏன் இல்லன்னு தெரியுமா? இந்தச் செருப்புதான். புழு மண்ணுல இருக்கு. நீங்க வெளிக்குப் போற அந்த ஈர மண்ணுலதான். வெறுங்காலோட அங்க நின்னா தோலைத் துளைச்சு ஏறிடும். விரலிடுக்குல அரிக்கும், கொப்புளம் போடும், அதான் அது நுழைஞ்ச வழி. அப்புறம் குடல்ல போய்த் தொங்கிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். எவ்வளவு நேரம் நிக்கிறாங்களோ அவ்வளவு ஆபத்து."

அவள் வந்த வழியே நடந்தாள். பாதி தூரம் வந்ததும் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நிக்கிறாங்களோ. ஒவ்வொரு விடியலிலும் தான் சாவகாசமாக உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்தப் பெண் அங்கே நின்றிருக்கிறாள். எவன் கண்ணிலும் நாத்தனார் உடம்பு பட்டுவிடக் கூடாதே என்று நின்றிருக்கிறாள். குளிருது அண்ணி என்று ஒருநாள் சொன்னதற்கு, "ஒரு காவலுக்குக்கூட வக்கில்லையா?" என்று தான் கேட்டதும் நினைவுக்கு வந்தது. புஷ்பவல்லிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியும் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். வெட்கம் மனுஷியை அப்படித்தான் ஆட்டி வைக்கும்.

ஒருநாள் காலைப் பெரட்டில் தனம் விழுந்தாள். வாளியோடு நின்றவள் முழங்கால் மடிந்து, சத்தமே இல்லாமல் மண்ணில் சரிந்தாள். தோட்டத்துத் துரை வெள்ளைத் தொப்பியோடு முன்னால் நின்றிருந்தார். தம்புசாமி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எந்திரி. துரை இருக்கிறப்பவே ஆரம்பிச்சுட்டியா?"

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் டிரசர் வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. "ரத்தம் இல்லதான். ஆனா சோதனையில புழு இல்லன்னு வந்திருக்கே. அந்த மருந்தக் குடுக்க எனக்கு அனுமதி இல்ல" என்று துரைக்கு இங்கிலீஷிலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் சொன்னார். சபாபதி பெண்டாட்டியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயசில் விழுந்து அடிபட்டால் பார்க்கிற அதே பார்வை.

புஷ்பவல்லி பெண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"டிரசர் ஐயா, அந்த டப்பியில இருந்தது அவளோடது இல்ல."

"என்ன சொல்ற? பின்ன யாரோடது?"

"என்னோடது."

"ரெண்டுமா? எப்படி ரெண்டும் உன்னோடதாகும்? என்னம்மா உளர்ற? துரைக்கு நான் பதில் சொல்லணும். டப்பியில எது இருந்துச்சு, யாருது இருந்துச்சு, தெளிவாச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். வெளிக்கு என்ற சொல்தான் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ தலைமுறையாக மானத்தைக் காத்த சொல், அன்று உதவவில்லை. அது போகிற இடத்தைத்தான் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. எதிரே ஆண்கள் வரிசை. தம்புசாமி. துரை. தம்பி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் பீ, ஐயா. ரெண்டு டப்பியிலயும் என் பீதான் இருந்துச்சு. அவளோடதை நான் சாக்கடையில கொட்டிட்டேன். குச்சியால என்னோடதைப் பிரிச்சு வெச்சேன். அவளுக்குப் புழு இருக்கு ஐயா. எனக்குக் காவல் நின்னு நின்னு வந்த புழு. மருந்து குடுங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் சிரித்தான். அவனைத் தொட்டு இன்னொருவன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிரசர் காது சிவக்கத் துரையிடம் திரும்பி ஏதோ சொன்னார். எந்த இங்கிலீஷ்ச் சொல்லைப் போட்டுச் சொன்னாரோ, துரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையை அசைத்தார். பால் ஏற்றுகிற லோரியில் தனத்தைப் படுக்க வைத்துக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்தார்கள். பிழைத்தாள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று அங்கே சொன்னதைச் சபாபதி வீட்டுக்கு வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். அதன்பிறகு வெகுநாள் அவளோடு பேசவில்லை. துரைச்சாணி என்ற பெயர் போய், வாயால் சொல்லக் கூசுகிற ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தம்புசாமி வைத்ததுதான். கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகாமல் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஆனால் பெயரை எதிர்த்து ஒருநாளும் சண்டைக்குப் போகவில்லை. தனக்கு வேண்டியதுதான் என்றிருந்தாள்.

தனம் முகத்தில் நிறம் திரும்பி வீட்டுக்கு வந்த மறுநாள். தோட்டத்தில் கக்கூசு கட்டுவதற்கு இன்னும் செங்கல்தான் வந்து இறங்கியிருந்தது. விடியலில் பெண்கள் வழக்கம்போலக் கிளம்பினார்கள். தனம் எழுந்து வாசலுக்கு வந்தாள். படியில் புது டயர்ச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது, அவள் கால் அளவுக்குக் கிள்ளான் சீனன் கடையில் தைத்தது. புஷ்பவல்லி தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்க. நீ போ, நான் நிக்கிறேன்."

மூத்தவள் இளையவளுக்குக் காவல் நிற்பதா? இராஜம்மா என்கிற கிழவி நின்று திரும்பிப் பார்த்து மோவாயில் கை வைத்துக்கொண்டாள். தனம் செருப்பை மாட்டிக்கொண்டு புதருக்குள் போனாள். புஷ்பவல்லி பாதையைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்து தனத்தின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை.

"ஏன் அண்ணி அன்னைக்கே சொல்லல?"

புஷ்பவல்லிக்குப் பல பதில்கள் தயாராக இருந்தன. எத்தனையோ நாளாக அடுக்கி வைத்தவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

"வெக்கமா இருந்துச்சு தனம்."

"எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு" என்றாள் தனம். "அதனாலதானே உங்ககிட்ட குடுத்தேன்."

பாதையில் ஆள் நடமாட்டம் எதுவும் இல்லை. இருந்தும் புஷ்பவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை செருமினாள். புதரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சட்டென்று எழுந்து நின்றார்கள்.